ஆளில்லாத பிளேனில ஏறுவியளோ?

#1
முரசுமோட்டையான் — வெள்ளி, இரவு 8.42

போன கிழமை நடந்த ஒரு கதையோட தொடங்கிறன்.

சிறுபோக வயலுக்கு மருந்தடிக்க இந்த முறை ட்ரோன் பிடிச்சனாங்கள். பத்து லீற்றர் தாங்கி. முதுகில தாங்கி கட்டிக்கொண்டு ரெண்டு பேர் அரை நாள் உழக்கிற துண்டை, நாங்கள் தேத்தண்ணி குடிச்சு முடியமுதல் அடிச்சு முடிச்சுது. எனக்கெண்டால் பெரிய புளுகம்.

ட்ரோன் கிழக்கு வரம்பில இருந்து எழும்பினது. நடுவில றிமோட் வைச்சிருந்த பொடியன் நிழல் தேடி மேற்கு வரம்புக்கு வந்திட்டார். பெற்றி குறைஞ்ச உடன அது தன்ர பாட்டில, எழும்பின இடத்துக்குத் திரும்ப வெளிக்கிட்டுது. திரும்பிற உயரம் 12 மீற்றர் எண்டு முதலே போட்டு வைச்சிருந்தவையாம். நடுவில எங்கட அப்பாச்சி காலத்துப் பனை. நேர வட்டுக்குள்ள போய் இறுகிற்று. ஒரு விசிறி மட்டும் காவோலையில அடிபட்டுக் கொஞ்ச நேரம் சடசடத்துக்கொண்டு கிடந்தது.

பழுது எண்டு ஒண்டுமில்லை. சொன்னதைச் சொன்னபடியே செய்திருக்கு. பிறகு அதை இறக்கப் பனை ஏறத் தெரிஞ்ச ஆளைத் தேடி அலைஞ்சதுதான் பெரிய பாடு. ஊரில இப்ப ஆர் பனை ஏறுகினம்?

இதைக் கனடாவில இருக்கிற மாமாக்குச் சொல்ல, "இன்னும் கொஞ்சக் காலத்தில பைலற் இல்லாத பிளேனிலதான்ரா நான் வருவன்" எண்டு சிரிக்கிறார். அவர் அடுத்த கிழமை வாறார், பைலற் இருக்கிற பிளேனில. அதுதான் கேக்கிறன். 300 சனத்தை ஏத்திக்கொண்டு முன்னுக்கு ஒருத்தரும் இல்லாமப் பாதுகாப்பாப் பறக்கேலுமோ? நீங்கள் ஏறுவியளோ?

#2
பகிடிவிடாதே — வெள்ளி, இரவு 8.51

கட்டுநாயக்காப் பக்கம் தென்னைதான் கூட. பயப்பிடாம வரச்சொல்லு.

#3
மாங்குளம் மெக்கானிக் (இப்ப டோகா) — வெள்ளி, இரவு 9.30

நான் பிளேன் திருத்திற ஆள், ஓட்டிற ஆளில்லை. அதை முதலே சொல்லிப்போடுறன்.

தம்பி ரெண்டு கேள்வியை ஒண்டாக் கேக்கிறார். "தானாப் பறக்குமோ" எண்ட கேள்விக்கு எப்பவோ பதில் வந்திட்டு. 1914 இலயே பாரிசில லோரன்ஸ் ஸ்பெரி எண்ட அமெரிக்கப் பொடியன், பிளேன் பறக்கேக்க ரெண்டு கையையும் மேல தூக்கிக் காட்டினவர். அவற்ற மெக்கானிக் அந்த நேரம் செட்டையில நடந்து போனவர். (மெக்கானிக்மாரைத்தான் அண்டு தொட்டு செட்டையில ஏத்துறது.) 1947 செப்டெம்பரில அமெரிக்க விமானப்படையின்ர ஸ்கைமாஸ்டர் ஒண்டு நியூபவுண்ட்லாந்தில எழும்பி, அத்திலாந்திக்கைத் தாண்டி இங்கிலாந்தில இறங்கும் மட்டும் தானியங்கியிலயே போனது. 1965 யூன் 10, சனம் ஏத்திவந்த ட்ரைடன்ட் ஒண்டு ஹீத்ரோவில தானா நிலம் தொட்டது. 1988 இல சோவியத்தின்ர புரான் விண்ணோடம், உள்ளுக்க ஒரு குருவியும் இல்லாம பூமியை ரெண்டு தரம் சுத்திப்போட்டு வந்து ஓடுபாதையில இறங்கினது. 2019 டிசம்பரில எயார்பஸ்காரர் துலூசில ஏ350 ஒண்டை, கமராவால ஓடுபாதைக் கோட்டைப் பாத்துத் தானா எழும்ப வைச்சுக் காட்டினவை. அதுக்குள்ள பைலற்மார் இருந்தவை, கை வைக்கேல்லை. அவ்வளவுதான்.

அதுக்காக "பைலற் சும்மா இருந்து சாப்பிடுறார், கொம்பியூட்டர்தான் ஓட்டுது" எண்டு வட்சப்பில வாறதை நம்பாதேங்கோ. சனம் ஏத்திற பிளேன் இண்டைக்கும் எழும்புறது கையாலதான். இறங்கிறதிலயும் பெரும்பகுதி கையாலதான். தானா இறங்கிறதுக்கு நிலத்தில அதுக்கெண்ட கருவி வேணும், பிளேனில எல்லா ஒழுங்கும் ரெண்டாகவோ மூண்டாகவோ வேலை செய்யவேணும், குறுக்குக் காத்து அளவோட இருக்கவேணும். கடும் பனிமூட்டத்தில ஒண்டும் தெரியாட்டி மெசின் இறக்கும். காத்து அடிச்சுச் சுழட்டினால் மனிசன் இறக்குவான். உலகம் நினைக்கிறதுக்கு இது நேர்மாறு.

மற்றக் கேள்விதான் கஷ்டமானது. நினைச்சுப் பாராத ஒண்டு நடந்தால் என்ன செய்யும்? உங்கட பனை மாதிரி.

#4
லாச்சப்பல் மணியம் — வெள்ளி, இரவு 10.05

இஞ்சை பாரிசில 14 ஆம் லைன் மெத்ரோ 1998 இல திறந்த நாள் தொடக்கம் றைவர் இல்லை. 1900 இல திறந்த 1 ஆம் லைனையே பேந்து றைவர் இல்லாம மாத்திப்போட்டினம். நான் விடியப்புறம் வேலைக்குப் போகேக்க முன் கண்ணாடியோட நிண்டு சுரங்கத்தைப் பாத்துக்கொண்டு போறனான். முதல் நாள் கொஞ்சம் நெஞ்சு அடிச்சது, உண்மை. ரெண்டாம் நாள் இருக்க இடம் இருக்கோ எண்டுதான் பாத்தன். பழகிற்றுது எண்டால் எல்லாம் சரி. பிளேனும் அப்பிடித்தான் வரும்.

#5
இளைப்பாறின ரீச்சர், முள்ளியவளை — சனி, காலை 6.15

மணியத்தார் சொல்வதில் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது. உயர்தரப் பிள்ளைகளுக்கு முப்பது வருடம் பௌதிகவியல் படிப்பித்த வாய், சும்மா இருக்காது.

மெத்ரோவுக்கு ஒரு சந்தேகம் வந்தால் நிற்கலாம். கதவு சரியாகப் பூட்டவில்லையா, நில். தண்டவாளத்தில் ஏதோ தெரிகிறதா, நில். நின்றால் ஆட்கள் பிந்துவார்கள், சாகமாட்டார்கள். ஒன்றும் விளங்காத நேரத்தில் போய் ஒதுங்க அதற்கு ஓர் இடம் இருக்கிறது. 35,000 அடியில் போகிற விமானத்துக்கு அந்த இடம் இல்லை. "எனக்கு விளங்கவில்லை, கொஞ்சம் நிற்கிறேன்" என்று அது சொல்ல முடியாது. விளங்காமலே பறந்துகொண்டு இருக்க வேண்டும்.

இன்னொன்று. கணினி பொய் சொல்வது உண்டு, அதுவும் மிகுந்த நம்பிக்கையோடு. 2008 ஒக்டோபர் 7 அன்று சிங்கப்பூரிலிருந்து பேர்த் போன குவாண்டாஸ் 72. ஒரு கருவி பிழையான எண்களை அனுப்ப, கணினி மூக்கு அளவுக்கு மிஞ்சி உயர்ந்துவிட்டது என்று நினைத்து விமானத்தைக் கீழே குத்தியது. ஒருமுறை அல்ல, இரண்டு முறை. இருக்கைப் பட்டி கட்டாதவர்கள் கூரையில் போய் அடிபட்டார்கள். நூறு பேருக்கு மேல் காயம். விமானம் நேராகத்தான் பறந்துகொண்டிருந்தது! தலைமை விமானி கெவின் சலிவன் அதை லியர்மந்த் என்ற இடத்தில் இறக்கினார். முன்னுக்கு ஆளே இல்லாதிருந்தால் "நீ சொல்வது பொய்" என்று அந்தக் கணினிக்கு யார் சொல்லியிருப்பது?

போயிங் 737 மாக்ஸ் கதை எல்லோருக்கும் தெரியும். 2018 இல் லயன் எயார், 2019 இல் எதியோப்பியன், இரண்டிலுமாக 346 உயிர். மூக்கின் கோணத்தை அளக்கும் ஒரே ஒரு உணரியை நம்பி மூக்கை அமுக்கிய ஒரு மென்பொருள். அங்கே மனிதர் இருந்தும் காப்பாற்ற முடியவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும். தங்களோடு மல்லுக்கட்டுவது எது என்று லயன் எயார் விமானிகளுக்கு முதலில் எவரும் சொல்லியிருக்கவில்லை.

#6
நிரலி, வவுனியா — சனி, காலை 9.20

ரீச்சர், உங்களிட்டப் படிச்ச ஆக்கள் எனக்கும் படிப்பிச்சிருக்கினம், அதால மரியாதையோட சண்டை பிடிக்கிறன்.

2009 யூன் 1, எயார் பிரான்ஸ் 447. வேகம் அளக்கிற குழாயில ஐஸ் பிடிச்சுது. ஓட்டோபைலற் "எனக்குத் தெரியேல்லை" எண்டு கையை விட்டுட்டுது. அதுக்குப் பிறகு பிளேனைக் கெடுத்தது மனிசன்தான். மூக்கை மேல இழுத்து இழுத்தே கடலுக்க விட்டது. 228 பேர். 2015 மார்ச்சில ஜெர்மன்விங்ஸ். கப்டன் வெளியில போன நேரம் துணை விமானி கதவைப் பூட்டிப்போட்டு 150 பேரையும் மலையில கொண்டுபோய் அடிச்சவர். அண்டைக்கு அந்த இருக்கையில ஒருத்தரும் இருந்திருக்காட்டி எல்லாரும் வீட்டை போயிருப்பினம். 2005 இல ஹீலியோஸ். உள்ளுக்கக் காத்தழுத்தம் குறைஞ்சு விமானிகள் மயங்கினாப் பிறகு, எண்ணெய் முடியும் மட்டும் ஓட்டோபைலற் தன்ர பாட்டில ஏதென்சுக்குக் கிட்ட வட்டமடிச்சுக்கொண்டு இருந்தது. நிலத்தில இருந்து ஒருத்தர் பொறுப்பெடுக்க வழி இருந்திருந்தால் 121 பேருக்கும் ஒரு சந்தர்ப்பம் கிடைச்சிருக்கும்.

எங்கட நாட்டுக் கதையைப் பாருங்கோ. 1974 டிசம்பர் 4 இரவு, இந்தோனேசியாவில இருந்து ஹஜ் யாத்திரிகரோட வந்த டிசி-8, கட்டுநாயக்காவில இறங்க வேண்டியது, மஸ்கெலியா சப்த கன்னியர் மலையில போய் மோதினது. 191 பேரில ஒருத்தரும் மிஞ்சேல்லை. தாங்கள் எவடத்தில நிக்கிறம் எண்டதை அவை பிழையாக் கணிச்சிட்டினம். இண்டைக்கு அந்தப் பிழையை எந்தப் பெட்டியும் விடாது. மலை கிட்ட வருகுது எண்டு கத்துற கருவி வந்தாப் பிறகு அந்த மாதிரி விபத்து எவ்வளவு குறைஞ்சிருக்கு எண்டதை மெக்கானிக் அண்ணையே சொல்லுவார்.

மனிசன் களைக்கிறான், நித்திரை தூங்குறான், வீட்டில சண்டை பிடிச்சிட்டு வாறான். மெசின் அப்பிடி இல்லை.

#7
பகிடிவிடாதே — சனி, காலை 9.24

வீட்டில சண்டை பிடிச்சிட்டு வாற மெசின் ஒண்டு எங்கட வீட்டு மோட்டர். நான் கிணத்தடிக்குப் போனால் மட்டும் தண்ணி இழுக்காது.

#8
மாங்குளம் மெக்கானிக் (இப்ப டோகா) — சனி, பகல் 1.10

பிள்ளை நிரலி சொன்ன எல்லா விபத்தும் சரி. தரை எச்சரிக்கைக் கருவி பற்றியும் சரி, அது எத்தினையோ உயிரைக் காப்பாத்தின சாமான். ஆனால் அதில ஒரு கணக்குப் பிழை இருக்கு. மனிசன் விட்ட பிழையை எண்ணி வைச்சிருக்கிறம். மனிசன் பிடிச்ச பிழையை ஆரும் எண்ணுறேல்லை.

நான் ஒவ்வொரு நாளும் பாக்கிற ஒரு புத்தகம் இருக்கு. பிளேன் வந்து நிண்ட உடன படியேறிப் போய், கொக்பிற்றில நடுவில கிடக்கிற அந்த லொக் புத்தகத்தைத் தான் முதல் எடுப்பம். பைலற் கையெழுத்தில ரெண்டு வரி கிடக்கும். "இடப்பக்க வேகமானி ஏறேக்க வலப்பக்கத்தோட ஒத்துப்போகேல்லை, மாத்திப் போட்டுப் பறந்தோம்." "இறங்கேக்க ஓட்டோபைலற் தானாக் கழண்டது, கையால இறக்கினது." இவ்வளவுதான். உள்ள இருந்த சனத்துக்கு ஒண்டும் தெரியாது, அவை பை எடுக்கிற இடத்தில நிண்டு பை வரேல்லை எண்டு சத்தம் போட்டுக்கொண்டு நிப்பினம். பேப்பரிலயும் வராது. அதுக்குப் பேர் ஒரு சாதாரண பயணம். நான் அந்தப் பெட்டியைக் கழட்டி, வேறை பெட்டி பூட்டி, கையெழுத்து வைச்சிட்டு அடுத்த பிளேனுக்குப் போவன்.

பைலற்றை எடுத்துப்போட்டால் "மனிசப் பிழை" எண்ட வரிசை இல்லாமப் போகும் எண்டது உண்மை. இந்த ரெண்டு வரிக் கதையள் எங்க போகும்?

பெரிய கதை ஒண்டும் சொல்லுறன். 2010 நவம்பர் 4, குவாண்டாஸ் 32. ஏ380, 469 பேர். சிங்கப்பூரில எழும்பிக் கொஞ்ச நேரத்தில ஒரு எஞ்சின் வெடிச்சுச் செட்டையைக் கிழிச்சுக்கொண்டு போட்டுது. வயர் அறுந்து, எண்ணெய் ஒழுகி, கொம்பியூட்டர் திரையில பழுது மேல பழுதா வந்து விழுந்துகொண்டே இருந்தது. அண்டைக்கு முன்னுக்கு அஞ்சு பைலற், தற்செயலாத்தான். கப்டன் ரிச்சர்ட் டி கிரெஸ்பினி ஒரு கட்டத்தில எது பழுது எண்டு பாக்கிறதை விட்டிட்டு, எது இன்னும் வேலை செய்யுது எண்டு பாக்கத் தொடங்கினவர். மிஞ்சிக் கிடந்ததை வைச்சு ஒரு சின்ன பிளேனை மனசில கட்டி, அதை இறக்கினவர். ஒருத்தருக்கும் ஒண்டும் நடக்கேல்லை. அப்பிடிக் கேள்வியைத் திருப்பிப் போடுற வேலையைப் புரோகிராம் எழுதி வைக்கேலுமோ எண்டு நிரலிதான் சொல்லவேணும்.

நியாயத்துக்கு இன்னொண்டும் சொல்லவேணும். 2009 இல கப்டன் சலன்பெர்கர் நியூயோர்க் ஹட்சன் ஆத்தில இறக்கின ஏ320 இல, மனிசன்ர மூளையோட கொம்பியூட்டரும் சேந்துதான் வேலை செய்தது. வேகம் குறைஞ்சு விழாமல் மூக்கை அளவோட பிடிச்சு வைச்சது அது. ஆத்தைத் தெரிஞ்செடுத்தது அவர். பறவை அடிச்சதில இருந்து தண்ணி தொடும் மட்டும் மூண்டரை நிமிசம்.

#9
நெறியாளர் — சனி, பகல் 2.00

2025 யூன் அகமதாபாத் விபத்தைப் பற்றிய மூன்று பதிவுகளை எடுத்திருக்கிறேன். எரிபொருள் சுவிச்சுகள் நிறுத்தப்பட்டதை முதற்கட்ட அறிக்கை சொல்கிறதே தவிர, ஏன் என்று சொல்லவில்லை. இறந்துபோன விமானிகளைப் பற்றி இங்கே தீர்ப்பு எழுதவேண்டாம்.

#10
ஏ9 வான்காரன் — சனி, இரவு 11.48

இப்பத்தான் ஹயர் முடிச்சு வந்து ஃபோனைப் பாக்கிறன். நான் பிளேனில ஏறினதில்லை. ஆனால் பிளேனுக்குச் சனத்தை இருபது வருசமா ஏத்தி இறக்கிறன், அந்த உரிமையில கதைக்கிறன்.

கிளிநொச்சியில இரவு எட்டரைக்கு வெளிக்கிட்டால் மதவாச்சி, அனுராதபுரம், புத்தளம், சிலாபம், நீர்கொழும்பு. புத்தளம் தாண்டினாப் பிறகுதான் ஆபத்து. றோட்டு நேராக் கிடக்கும், ரெண்டு பக்கமும் ஒண்டுமில்லை, பின்னால எல்லாரும் நித்திரை. லைற் வெளிச்சத்தில வெள்ளைக் கோடு வந்துகொண்டே இருக்கும். அது ஒரு தாலாட்டு.

அதால என்ர வானில ஒரு சட்டம். முன் சீற்றில இருக்கிறவர் நித்திரை கொள்ளக்கூடாது. அவருக்கு ஓடத் தெரியவேண்டியதில்லை. கதைக்க வேணும். என்ர குரல் இழுபடுதோ எண்டு பாக்க வேணும். நான் ஒரு கேள்விக்கு ரெண்டு செக்கன் பிந்திப் பதில் சொன்னால் "அண்ணை நிப்பாட்டுங்கோ, பிளேன்ரி குடிப்பம்" எண்டு சொல்லவேணும். ஒருக்கா மணப்பெண்ணின்ர தகப்பன் முன்னுக்கு ஏறினவர். "நான் நித்திரை கொள்ள மாட்டன் தம்பி" எண்டு சத்தியம் பண்ணினவர். மதவாச்சி வரமுதல் குறட்டை. நான் வானை ஓரம் கட்டிப்போட்டு அவரைப் பின்னுக்கு அனுப்பி, பின்னால இருந்த பதினாலு வயசுப் பெட்டையை முன்னுக்கு இருத்தினன். அந்தப் பிள்ளை நீர்கொழும்பு மட்டும் வாய் மூடேல்லை. நான் கண்ட முன் சீற்று ஆக்களில அவதான் திறம்.

எனக்கு விளங்கிறது இதுதான். பிளேனில ரெண்டு பேர் இருக்கிறது ஒருத்தர் ஓட, மற்றவர் ஓடுறவரைப் பாக்க. முழுக்க ஆளில்லாமச் செய்யிறது பிறகு. முதல் ஒராளைக் குறைக்கத்தானே பாப்பினம்? அது நடக்குதோ?

#11
மாங்குளம் மெக்கானிக் (இப்ப டோகா) — ஞாயிறு, காலை 5.30

வான்கார அண்ணை, நீங்கள் பிளேனில ஏறாமலே விசயத்தைப் பிடிச்சிட்டியள்.

ஓம், நடக்குது. முந்திப் பெரிய பிளேனில அஞ்சு பேர்: ரெண்டு பைலற், எஞ்சினியர், வழி பாக்கிறவர், றேடியோக்காரர். ஒவ்வொருத்தராக் கழண்டு, எண்பதுகளில ரெண்டு பேராகினது. அடுத்தபடியா, நீண்ட பயணத்தில நடு வானத்தில ஒராள் மட்டும் முன்னுக்கு இருக்க மற்றவர் போய்ப் படுக்கலாமோ எண்டு ஐரோப்பாவில கேட்டவை. முன் சீற்றுக்காரரை மதவாச்சி தாண்ட நித்திரைக்கு அனுப்புற திட்டம் எண்டு வையுங்கோ. ஐரோப்பிய விமானப் பாதுகாப்பு முகவரகம் அதை ஆராய்ஞ்சு, இப்ப இருக்கிற கொக்பிற்றில ரெண்டு பேர் இருக்கிற அளவு பாதுகாப்பு அதில கிடைக்கும் எண்டு காட்ட முடியேல்லை எண்டு 2025 இல சொல்லிப்போட்டுது. தனிய இருக்கிறவர் தூங்கிப் போனால், மயங்கினால், ஒரு பிழை விட்டால் ஆர் பிடிக்கிறது? கழிப்பறைக்குப் போறதே ஒரு பிரச்சினையாம்.

#12
பகிடிவிடாதே — ஞாயிறு, காலை 7.02

அப்ப அந்தப் பெட்டைக்கு வேலை குடுங்கோ.

#13
கொக்காவில் ஓரம் — ஞாயிறு, காலை 8.15

எங்கட பக்கத்து றெயில் கடவையில மணியும் சிவப்பு லைற்றும் தானா அடிக்கிற மாதிரிப் பூட்டினவை. முதல் மாசம் மணி அடிச்சால் சைக்கிள்காரர் கூட இறங்கி நிப்பினம். பிறகு அது றெயில் இல்லாத நேரத்திலயும் அடிக்கத் தொடங்கிச்சு. மழை பெய்தால் நாள் முழுக்க அடிக்கும். கொஞ்ச நாளில சனம் மணியைக் கேட்டுக்கொண்டே லான்ட்மாஸ்டரைக் குறுக்கால விடத் தொடங்கிற்று. ஒருநாள் உண்மையிலயே றெயில் வந்தது. மயிரிழையில தப்பினது என்ர மச்சான்தான். கேட்டால், "அது எப்பவும் அடிக்கிறதுதானே" எண்டார்.

பிறகு ஊர்ப் பொடியன் ஒருத்தன் கொடியோட அங்க இருந்தவன். மணியை ஒருத்தரும் பாக்கேல்லை, அவன்ர கையைத்தான் பாத்தவை.

#14
நிரலி, வவுனியா — ஞாயிறு, பகல் 11.40

மெக்கானிக் அண்ணை, டி கிரெஸ்பினி செய்ததை எழுதி வைக்கேலுமோ எண்டு கேட்டியள். நேர்மையாச் சொன்னால், இண்டைக்கு ஏலாது. இன்னும் திருத்தமாச் சொன்னால், ஒரு புரோகிராம் அதைச் செய்து காட்டினாலும், எல்லா நேரமும் செய்யும் எண்டு நிரூபிக்கிறதுதான் ஏலாம இருக்கு. சனம் ஏத்திற பிளேனில முழுப் பிளேனையும் அழிக்கக்கூடிய ஒரு பழுது, நூறு கோடி மணித்தியாலப் பறப்புக்கு ஒண்டுக்கு மேல வரக்கூடாது எண்டது விதி. படம் பாத்துப் பழகிற செயற்கை நுண்ணறிவுக்கு அந்த எண்ணை எப்பிடி எழுதிக் குடுக்கிறது? காகத்தை ஆயிரம் தரம் சரியாச் சொல்லிப்போட்டு, ஆயிரத்தோராவது தரம் குடை எண்டு சொல்லும்.

ஆனால் நான் முழுக்க விட்டுக்குடுக்கேல்லை. சின்னப் பிளேனில ஒரு பொத்தான் வந்திட்டு. ஓட்டிறவர் மயங்கினால் பயணி அமத்தலாம், அது தானே கிட்டடி விமான நிலையத்தைத் தேடி, றேடியோவில தானே கதைச்சு, இறங்கி, எஞ்சினையும் நிப்பாட்டும். 2020 இல அமெரிக்காவில அனுமதி குடுத்தவை. ஹீலியோஸ் மாதிரி நேரத்துக்கு இதைப்போல ஒண்டு பெரிய பிளேனிலயும் இருக்கவேணும். பைலற்றுக்குப் பதிலா இல்லை, பைலற்றுக்குப் பின்னால.

#15
லாச்சப்பல் மணியம் — ஞாயிறு, பிற்பகல் 3.00

ஏன், ஆளை நிலத்தில இருத்தி றிமோட்டில ஓட்டலாம்தானே? 2023 இல கலிபோர்னியாவில செஸ்னா கரவான் ஒண்டை உள்ளுக்க ஒருத்தருமே இல்லாமப் பறக்கவிட்டவை, நிலத்தில இருந்து ஒராள் பாத்துக்கொண்டிருந்தவர். பார்சல் ஏத்திறதில தொடங்குவினம், பிறகு எங்களை ஏத்துவினம்.

#16
மல்லாவி அக்கா — ஞாயிறு, இரவு 7.35

கனநாள் வாசிச்சுக்கொண்டு மட்டும் இருந்தனான். மணியண்ணை உதைச் சொன்னாப் பிறகு எழுதாம இருக்கேலாமக் கிடக்கு.

நீங்கள் எல்லாரும் ஆளில்லாத பிளேனை இனி வரப்போற சாமான் மாதிரிக் கதைக்கிறியள். வன்னிச் சனம் அதைச் சண்டைக் காலத்திலயே கண்டது. நாங்கள் அதுக்கு வைச்ச பேர் வண்டு. இரவு பகலா மேல நிண்டு இரையும், கண்ணுக்குப் பிடிபடாது. குண்டு போடுற கிபிர் ஜெற் வந்தால் பெரிய சத்தம், பங்கருக்க ஓடுவம், போயிரும். வண்டு போகாது. மெல்லமா ஒரே சத்தத்தில இரைஞ்சுகொண்டே இருக்கும், சத்தம் கேட்டால் பின்னால என்ன வரும் எண்டு குழந்தைப் பிள்ளைக்கும் தெரியும். அடுப்பு மூட்டினால் புகை தெரியும் எண்டு பச்சைப் பிள்ளைக்குத் தண்ணி சுட வைக்காத நாள் இருக்கு.

அப்ப அம்மா ஒண்டு சொல்லுவா. கிபிருக்குள்ள ஒருத்தன் இருக்கிறான், அவனுக்கும் வீட்டை போகவேணும், அவனுக்கும் பசிக்கும். இதுக்குள்ள ஆர் இருக்கிறான்?

பைலற் கெட்டிக்காரன் எண்டு நான் அவரை நம்பிப் பிளேனில ஏறேல்லை. நிரலி சொன்ன மாதிரி அவரும் நித்திரை கொள்ளுவார், பிழை விடுவார். ஆனால் நான் விழுந்தால் அவரும் விழுவார். எங்கயோ ஏசி அறையில இருந்து திரையைப் பாக்கிறவர், பிளேன் விழுந்தால் அடுத்த நாள் விசாரணைக்கு வருவார். வருந்துவார்தான், இல்லை எண்டு சொல்லேல்லை. ஆனால் வருவார்.

அந்த ஜெர்மன்காரர் தானும் சாகத்தானே செய்தார் எண்டு கேப்பியள். ஓம். அதுக்கு என்னட்டப் பதில் இல்லை.

#17
இளைப்பாறின ரீச்சர், முள்ளியவளை — ஞாயிறு, இரவு 8.20

மல்லாவி அக்காவுக்குப் பிறகு கம்பியையும் அலையையும் பற்றி எழுதக் கூச்சமாக இருக்கிறது. ஆனாலும் மணியத்தாரின் கேள்விக்குப் பதில் வேண்டும்.

நிலத்திலிருந்து ஓட்டுவதென்றால் இடையில் ஒரு வானொலித் தொடுப்பு. சமுத்திரத்துக்கு மேல் அது செய்மதி வழியாகப் போய் வரும். எட்டத்துச் செய்மதி என்றால் நீங்கள் பார்ப்பது கொஞ்சம் முன்பு நடந்தது, நீங்கள் சொல்வது கொஞ்சம் பிந்திப் போய்ச் சேரும். நடு வானத்தில் அது பெரிதல்ல, ஓடுபாதைக்கு நூறு அடி மேலே பெரிது. தொடுப்பு அறுந்தால் விமானம் தானே முடிவெடுக்க வேண்டும், அதாவது தொடங்கிய இடத்துக்கே வந்துவிட்டோம். அறாவிட்டாலும் வேறு எவரோ பிடிக்கக்கூடும். 2023 பிற்பகுதியிலிருந்து ஈராக், ஈரான் பக்கம் பறந்த விமானங்களுக்குப் பொய் ஜிபிஎஸ் சமிக்ஞை வந்து, தாங்கள் எங்கோ நிற்பதாகக் கருவிகள் காட்டின. மெக்கானிக் தம்பி இருக்கிற திசை அதுதான். அங்கே விமானிகள் அந்தக் கருவியை நம்பாமல் விட்டு, கட்டுப்பாட்டு அறையில் திசை கேட்டுப் பறந்தார்கள்.

முரசுமோட்டைத் தம்பியின் ட்ரோன் நினைவுக்கு வருகிறது. அது தான் எங்கே நிற்கிறது என்பதைச் சரியாகத்தான் அறிந்திருந்தது. பனை எங்கே என்பதுதான் அதற்குத் தெரியாது.

#18
லாச்சப்பல் மணியம் — ஞாயிறு, இரவு 9.10

சரி ரீச்சர். பார்சல் மட்டும் ஏத்தட்டும். அக்கா, நான் 95 இலயே வெளிக்கிட்டனான். வண்டுச் சத்தம் நான் கேட்டதில்லை.

#19
முரசுமோட்டையான் — திங்கள், மாலை 6.05

எல்லாருக்கும் நன்றி. இவ்வளவு வரும் எண்டு நினைக்கேல்லை.

முதல் பதிவில ஒண்டை விட்டிட்டன், அக்கா எழுதினதைப் பாத்தாப் பிறகு எழுதிறன். அண்டைக்கு ட்ரோன் எழும்பின சத்தத்துக்கு அம்மா குசினிக்குள்ள இருந்து வெளியில வந்தவ. மேல பாத்தா. ஒண்டும் கதைக்கேல்லை. முத்தத்தில விளையாடிக்கொண்டு நிண்ட என்ர மகளைக் கையில பிடிச்சு உள்ளுக்க கூட்டிக்கொண்டு போட்டா. நான் மருந்து மணம் எண்டு நினைச்சன்.

இண்டைக்கு மிச்சத் துண்டு அடிச்சவை. விசிறி மாத்தி, திரும்பிற உயரத்தை 30 மீற்றர் ஆக்கியாச்சு. நான் முதலே போய் அம்மாவைக் கூட்டிக்கொண்டு வந்து வரம்பில இருத்தி, றிமோட் வைச்சிருக்கிற பொடியனைக் காட்டினன். அவ ட்ரோனைப் பாக்கேல்லை, முழு நேரமும் அவனைத்தான் பாத்துக்கொண்டு இருந்தா. முடிய அவனிட்ட "சாப்பிட்டியோ தம்பி" எண்டு கேட்டா.

ஏ9 அண்ணை, மாமா வியாழன் விடிய நாலு மணிக்கு இறங்கிறார். புதன் இரவு வான் வேணும். ஆறு பேர் வருவம்.

#20
ஏ9 வான்காரன் — திங்கள், இரவு 10.20

வாறன். எட்டரைக்கு வாசலில நிப்பன். மாமாவின்ர பைக்குப் பின் சீற்றை மடிக்க வேண்டி வரும், பாத்து ஆக்களை ஏத்துங்கோ.

முன் சீற்றுக்கு ஆர்?

#21
முரசுமோட்டையான் — திங்கள், இரவு 10.31

அம்மா வாறாவாம்.